கடைசிப் பக்கத்தைப் புரட்டும் பெரியப்பாமார்களே

கருட புராணத்தில் எண்ணெய்க் கொப்பரை வரைக்கும் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்து, நடு வீட்டில் சத்தமாக வாசிக்கிறவருக்கு மட்டும் ஏன் ஒரு தண்டனையும் போடவில்லை?

பிடுங்கியது ஏதோ வாரப் பத்திரிகையா என்றால் அதுவும் இல்லை. 'தி வீல் ஆஃப் டைம்' என்கிற இங்கிலீஷ் மாயாஜால நாவல் தொடரின் 14-வது, கடைசிப் புத்தகம். ராபர்ட் ஜோர்டன் 1990-ல் ஆரம்பித்து வைத்த கதை. இன்னும் ஒரே புத்தகம், அதோடு முடித்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே 2007-ல் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி ஹாரியட்தான் அவருக்கு எடிட்டர். அந்த அம்மா பிராண்டன் சாண்டர்சன் என்கிற இன்னொரு எழுத்தாளரைப் பிடித்து மீதியை எழுத வைத்தார். அந்த 'ஒரே புத்தகம்' மூன்று புத்தகமாகப் பெருத்து, 2013-ல் ஒருவழியாக முடிந்தது. மொத்தம் 40 லட்சம் வார்த்தைக்கு மேல். 10-வது புத்தகத்தில் கதை ஓர் அடி நகராது. ஆளாளுக்குப் பாவாடையை நீவி விட்டுக்கொண்டு டீ குடிப்பார்கள். கதையில் வரும் நைனீவ் என்கிறவள் தன் சடையைத் தானே பிடித்து இழுக்கிற இடங்களை மட்டும் வெட்டி எறிந்திருந்தால் ஒரு புத்தகச் செலவு மிச்சம். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி வந்தவள் நான். கடைசிப் போர் என்று ஒரே அத்தியாயம், கிட்டத்தட்ட 200 பக்கம், அதையும் சனிக்கிழமை ராத்திரி கண் எரிய எரிய முடித்தாச்சு. பாக்கி எபிலாக், அதாவது கதை முடிந்தபின் வரும் கடைசிப் பகுதி மட்டும்.

அந்தக் கடைசிக் காட்சியை ஜோர்டன் சாவதற்கு முன்பே தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனார். இத்தனை புத்தகமும் அந்தச் சில பக்கத்துக்காகத்தான். அதனால் தூக்கக் கலக்கத்தில் படிக்கக்கூடாது என்று ஞாயிறு மத்தியானத்துக்கு எடுத்து வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்துவிட்டார்கள். வெளியே ஆடிக் காற்று. (இந்தத் தொடரில் எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் ஒரு காற்று கிளம்புவதில்தான் தொடங்கும். பாளையங்கோட்டையில் அது சாரலைக் கொண்டுவராது, ரோட்டு மண்ணைத்தான் அள்ளிவரும்.)

காலிங் பெல்.

அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா. அப்பாவுக்கு எந்த வழியில் அண்ணன் என்று அப்பாவுக்கே தெரியாது. மகனுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். சரி, வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? அம்மா தாம்பாளத்தைத் தேட, பெரியம்மா பைக்குள் குங்குமச் சிமிழைத் தேட, இவர் நிதானமாக என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்னட்டி படிக்க? குரூப் டூவா?"

"இல்ல பெரியப்பா, கதை புக்கு."

"கதையா? இந்தத் தண்டியா?"

கையில் வாங்கினார். வாங்கினார் என்பது ஒரு மரியாதைக்கு. மடியில் வைத்து, நான் அடையாளத்துக்குச் செருகியிருந்த பஸ் டிக்கெட்டை உருவினார். நீளவாக்கில் மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். முனையை விரலால் திருகிக் கூராக்கி, அப்படியே இடது காதுக்குள் விட்டார். சொக்கிப்போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குடைந்துகொண்டே, மற்ற கையால் பின்னட்டையிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

"பெரியப்பா, அது கடைசி..."

"கடைசியப் பாத்தாப் போதும்லா. முன்னால உள்ளது பூரா இழுவையாத்தான இருக்கும்."

(10-வது புத்தகத்தைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. அது வேறு விஷயம்.)

அவர் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் என்பதுதான் என் தலைவிதி. வேறு யாராவது என்றால் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டிக்டேஷன் போடுகிற குரலில், கமா வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்தி, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். நான் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? பத்திரிகை வைக்க வந்த பெரியவர் முன்னால்? வாசித்து முடித்துவிட்டு விமர்சனம் வேறு.

"என்னமோ முடிவுன்னு போட்டிருக்கான். முடிஞ்சிட்டு. இந்தா."

கொடுத்தாரா? இல்லை. காபி டம்ளரை அதன் மேல் வைத்தார்.

அவர்கள் போனபிறகு எபிலாக்கை எடுத்தேன். ஒவ்வொரு வரியும் பெரியப்பா குரலில்தான் கேட்கிறது. கதாநாயகன் ரேண்ட் அல்தோர் அம்பாசமுத்திரத்துக்காரனாகிவிட்டான். படித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் அந்தச் சுங்கான் வரும் இடத்தில் புல்லரிக்குமாம். எனக்குக் காது குடைகிற சத்தம்தான் கேட்டது.

எங்கள் தெருவில் ஒரு பசுமாடு செத்தால்கூட எதிர்வீட்டு ஆச்சி வந்து துட்டி கேட்டுவிட்டுப் போவாள். கல்லூரியிலிருந்து கூடவே இருந்த ஓர் உலகமே முடிந்து கிடக்கிறது, ஏன் ஒருமாதிரி இருக்கே என்று கேட்க வீட்டில் ஒரு நாதியில்லை. அம்மா கேட்டது இது: "முடிஞ்சிட்டுல்லா, இனி அந்தத் தட்டைக் காலி பண்ணிரலாமா? அரிசி டப்பா வைக்க இடமில்ல." தோழி ஒருத்திக்குப் போன் போட்டால், அதான் வெப் சீரிஸ் வந்ததே, அதைப் பார்த்திருக்கலாமே என்கிறாள். எம்மா தாயே, அது 2021-ல் வந்து மூன்றே சீசனில், பாதிக் கதையில், 2025-ல் மூடப்பட்டது. அதைப் பார்த்தவர்கள் கதி என்னைவிட மோசம்.

அப்புறம் அந்தப் பத்திரிகை. அதையும் சொல்லாமல் எனக்கு ஆறாது. பெரியப்பா பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட்., எம்.ஃபில். வரிசை கட்டி நிற்கிறது. நடக்கத் தொடங்காத பேத்தி பெயர்கூட 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் உண்டு. ஆனால் எங்கள் சித்தப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருக்கிறது. அமரர்! அன்றைக்குக் காலையில்தான் மகாராஜ நகர் உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குச் சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷன்! நூற்றுக்கணக்கான ஆட்கள் வரும் கதையில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்று ஆசிரியர் செத்த பிறகும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாலு பக்கப் பத்திரிகையில் ரிட்டயர்டு வாத்தியாரால் முடியவில்லை.

பெரியப்பாவுக்குப் போன் போட்டால், "அச்சுப்பிழைட்டி, யாரு அதையெல்லாம் வாசிக்கா?" என்கிறார். யார் சொல்வது பாருங்கள்.

சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரை இரண்டு தடவை வாசித்தார்.

"நல்லதாப் போச்சு. மொய் எழுத வேண்டாம்லா."