மக்கள் பணத்தில் படம்: இணையத்துக்கு முன்பே நடந்தது

"பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படம் எடுப்பது இணையம் தந்த வழி, அதற்கு முன் அரசுக் கடன் இல்லாமல் இந்தியாவில் கலைப்படமே சாத்தியமில்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு.

1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான திரைப்பட நிதிக் கழகத்தின் கடனில்தான் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' போன்ற படங்கள் வந்தன என்பது உண்மை. ஆனால் அது ஒரு பாதை மட்டுமே. 1976இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் 'மந்தன்' என்ற இந்திப் படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள்.

அதைவிடத் துணிச்சலானது மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் முயற்சி. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போனார்கள், திரை கட்டிச் சாப்ளின் படத்தைக் காட்டினார்கள், பார்த்தவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். அப்படிச் சேர்ந்த சில்லறைக் காசில் உருவானதுதான் 1986இல் வந்த 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படம். பணத்தைப் போலவே திரையிடலையும் வணிகத் திரையரங்குகளுக்கு வெளியே, மக்களிடமே கொண்டுபோனார்கள். எனக்கு இதுவே பெரிய சாதனையாகப் படுகிறது. படத்தை எடுத்துவிட்டுக் காட்ட இடமின்றித் தவிப்பவர்கள் இன்றும் எத்தனை பேர்!

இணையம் பணம் அனுப்புவதை எளிதாக்கியது, அவ்வளவே. நான் மேற்கோள் காட்டிய வரியை மட்டும் நண்பர் திருத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.