மெர்வ் 16 ஃபில்டர் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

‘வீட்டு ஏசி, ஹீட்டருக்கு மெர்வ் 16 ஃபில்டர் போடுங்கள், கரண்ட் பில் குறையும், வருஷம் முழுக்க மாற்றவே வேண்டாம்’ என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

மெர்வ் என்பது தூசியைப் பிடிக்கும் திறனுக்கான எண், மின்சிக்கனத்துக்கு அல்ல. எண் கூடக் கூட ஃபில்டரின் சல்லடை நெருங்கும், சல்லடை நெருங்க நெருங்கக் காற்று திணறும். ஃபேனுக்கு அதை இழுக்கும் விசை இல்லையென்றால் ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ்கூடப் படியலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தளத்தைப் பாருங்கள்: மெர்வ் 13, அல்லது உங்கள் ஃபேனும் ஃபில்டர் இடமும் தாங்கும் அளவுக்கு உயர்ந்த எண் போடச் சொல்கிறது. எவ்வளவு தாங்கும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும்.

மாற்றுவதா? மாதம் ஒருமுறை கழற்றி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் தூசி அப்பி, வெளிச்சமே தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள். அப்புறம், ஃபில்டரின் சட்டகத்திலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கட்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அந்த ஃபார்வர்டு வந்தால் தயவுசெய்து உங்களோடு நிறுத்திவிடுங்கள்.