மெழுகுவர்த்திக் கடன்

ஆங்கில எழுத்தாளர் எலிசபெத் கேரிக்குப் பன்னிரண்டு வயது ஆவதற்குள்ளேயே 100 பவுண்டு கடன் இருந்தது. எல்லாம் மெழுகுவர்த்திக் கடன். ராத்திரி கண் முழித்துப் படிக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. விளக்கு கொடுக்கக் கூடாது என்று வேலைக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருந்தார். பெண் அந்த வேலைக்காரர்களையே சரிக்கட்டி, அநியாய விலைக்கு மெழுகுவர்த்தி வாங்கி, பிறகு தருகிறேன் என்று கணக்கை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். புகுந்த வீட்டில் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புத்தகங்களையே எடுத்து வைத்துவிட்டார். படிக்க ஒன்றும் இல்லாமல் போனதால் இவள் எழுத உட்கார்ந்தாள். பின்னாளில் கன்னியாஸ்திரீயான மகள் ஒருத்தி எழுதி வைத்த வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. 1613இல் கேரியின் 'மரியம்' நாடகம் அச்சில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண் சொந்தமாக எழுதி அச்சேறிய முதல் முழுநீள நாடகம் அது. ஷேக்ஸ்பியர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்த கல்லூரியில் எலிசபெத் காலப் பாடம் முழுக்கப் பெண் பெயர் என்று இருந்தது ராணி பெயர் மட்டும்தான். "அந்தக் காலத்துல பொம்பளைங்கள எழுத விடல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஆசிரியர் நாடகாசிரியர் பென் ஜான்சனுக்குப் போய்விட்டார். அதையே பரீட்சையில் எழுதினேன், மார்க் வாங்கினேன். அதோடு விட்டேனா? வேலைக்குச் சேர்ந்த பிறகு நான்கு வருஷம் என் மாணவர்களுக்கும் அதையே சொன்னேன்.

சாட்சிக்கு எப்போதும் ஜூடித்தைத்தான் கூப்பிடுவேன். எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் 'தனக்கென ஓர் அறை' என்ற நூலில் கற்பனை செய்த ஷேக்ஸ்பியரின் தங்கை. அண்ணனுக்கு இருந்த திறமை இவளுக்கும் உண்டு; நாடக ஆசையில் லண்டனுக்கு ஓடுகிறாள், சிரித்துத் துரத்துகிறார்கள், ஒருவன் ஏமாற்றுகிறான், தற்கொலை செய்துகொள்கிறாள். வருஷா வருஷம் மார்ச் 8 வந்தால் நம் டைம்லைனில் ஜூடித்துக்கு ஒரு திதி கொடுத்துவிடுகிறோம்.

வூல்ஃப் சொன்ன காரணங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பணம், தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், எல்லாம் சரி. அந்த மெழுகுவர்த்திக் கணக்கே போதும். அதே நூலில் நாடகாசிரியை அஃப்ரா பென் கல்லறையில் பெண்கள் எல்லாரும் பூப்போட வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். ஆனால் அஃப்ரா பென் 1660க்குப் பிறகு எழுத வந்தவர். ஷேக்ஸ்பியர் காலத்து அலமாரி வூல்ஃபுக்குக் காலியாகத் தெரிந்தது. 1929இல் அந்தப் பிரதிகள் பலவும் அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்தன, அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஜூடித்துக்காக வருத்தப்பட ஒரு பத்தி படித்தால் போதும். இசபெல்லா விட்னிக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். அங்கேதான் நாம் நழுவிவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

விட்னி லண்டனில் வேலைக்காரியாக இருந்தவர். வேலை போய்விட்டது, கையில் காசில்லை, ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. 1573இல் லண்டன் நகரத்துக்கு ஓர் உயில் எழுதுகிறார், செய்யுளில். நீ எனக்கு ஒன்றுமே தந்ததில்லை, இருந்தாலும் நான் உனக்கு விட்டுச் செல்கிறேன் என்று ஆரம்பித்து, தெருக்கள், கசாப்புக் கடைகள், ரொட்டிக் கடைகள், சீப்சைடு கடைத்தெரு ஜவுளி எனத் தனக்குச் சொந்தமே இல்லாத அத்தனையையும் லண்டனுக்கே தானம் பண்ணுகிறார். சிறைகள் பட்டியல் வரும்போது லட்கேட் கடனாளிச் சிறையில் கொஞ்சம் தயங்குகிறார். எனக்கும் கடன் கொடுக்கும் அளவுக்கு ஒரு மதிப்பு வந்தால் போய் இருந்துகொள்ளலாம் என்று அதை எனக்காக வைத்திருந்தேன், இப்போதுதான் யாரும் கடன் தருவதில்லையே என்கிறார். உயிலுக்குச் சாட்சிகள் காகிதம், பேனா, மைக்கூடு, காலம். சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

"வேலைக்காரி ஒருத்தியைக் காட்டிட்டீங்க, மத்தவங்க எல்லாம் பிரபு வீட்டுப் பொண்ணுங்கதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். பெரும்பாலும் ஆமாம். பிரபு வீட்டிலும் பாடு இல்லாமல் இல்லை. மேரி ரோத் 1621இல் 'யுரேனியா' என்ற நெடுங்கதையை வெளியிட்டார். அதில் வரும் ஒரு கிளைக்கதை தன் குடும்ப விவகாரம்தான் என்று எட்வர்ட் டென்னி என்ற பிரபுவுக்குக் கோபம். ரோத்தை அரக்கி என்று வைது கவிதை எழுதினார். புத்தகம் எழுதுவதை விடு, பைபிள் சங்கீதங்களை மொழிபெயர்த்தாரே உன் அத்தை, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று புத்தி வேறு. ரோத் சும்மா இருக்கவில்லை. அவர் போட்ட அதே இயைபுச் சொற்களைப் போட்டே திருப்பி அடித்தார். ஆனாலும் விற்பனையை நிறுத்திவிட்டதாகப் பக்கிங்ஹாம் பிரபுவுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

அந்த அத்தை மேரி சிட்னி. அண்ணன் பிலிப் 1586இல் போரில் பட்ட காயத்தால் இறந்தபோது 150 சங்கீதங்களில் 43தான் முடித்திருந்தார். மீதி 107ஐயும் பாடியவர் தங்கை. கையெழுத்துப் பிரதியாகவே சுற்றி வந்தது, ஜான் டன் அதைப் புகழ்ந்து கவிதை எழுதினார். முழுதாக அச்சேறியது 1823இல்! அச்சை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்தச் சங்கீதங்களும் எழுதப்படாதவைதான். எடின்பரோவில் எஸ்தர் இங்கிலிஸ் அச்செழுத்தே தோற்கும்படி பேனாவால் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் எழுதி, அட்டைக்குத் தானே பூவேலை செய்து, உள்ளே தன் படத்தையும் வரைந்து அரச குடும்பத்துக்கு அனுப்பினார். ஐம்பதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. இவரை எழுத்தாளர் என்பதா, ஓவியர் என்பதா, தையல்காரர் என்பதா? பாடத்திட்டக் குழுவுக்குப் பதில் தெரியாததால் மூன்றிலும் விட்டுவிட்டார்கள்.

ரோத்திடம் இன்னொன்று. அவரது 14 சானட்டுகள், அதாவது பதினான்கு அடிக் கவிதைகள், ஒரு வளையமாக வரும். ஒன்றின் கடைசி அடி அடுத்ததன் முதல் அடி. பதினான்காவது முடியும்போது முதல் கவிதையின் முதல் அடி திரும்பி வந்துவிடும். அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற'வில் ஆரம்பித்து அதிலேயே வந்து மண்டலிப்பது போல. திரும்பி வரும் அந்த அடி, இந்தப் புதிர்ப் பாதையில் எந்தப் பக்கம் திரும்புவேன் என்ற கேள்வி. பதினான்கு கவிதை நடந்தும் வாசலிலேயே நிற்கிறாள். நம் பிள்ளைகளுக்கு இதை நடத்த ஐந்து நிமிஷம் போதும், அந்தாதி அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது கவிஞர் எமீலியா லான்யர் விஷயத்தில். வெனிஸிலிருந்து வந்த அரண்மனை இசைக்கலைஞரின் மகள். தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் மூத்த ஹன்ஸ்டன் பிரபுவின் ஆசைநாயகி. கர்ப்பமானதும் அல்ஃபோன்சோ என்ற இசைக்கலைஞருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஹன்ஸ்டன்தான் பின்னர் ஷேக்ஸ்பியர் குழுவுக்குப் புரவலர். இது போதாதா? 1973இல் ஏ.எல். ரவுஸ் என்ற வரலாற்றாசிரியர், ஷேக்ஸ்பியர் சானட்டில் வரும் கறுத்த பெண் இவர்தான் என்று அறிவித்தார். இவரைப் பற்றி ஜோசியர் சைமன் ஃபோர்மன் எழுதிய குறிப்பில் 'பிரேவ்' என்று இருந்ததை ரவுஸ் 'பிரவுன்' என்று படித்துவிட்டார். தப்பு என்று காட்டிய பிறகும் விடவில்லை. 1978இல் லான்யரின் கவிதைகளையே 'ஷேக்ஸ்பியரின் டார்க் லேடி'யின் கவிதைகள் என்று பெயரிட்டுப் பதிப்பித்தார். சொந்தப் புத்தகத்தின் அட்டையிலும் அவர் இன்னொருவர் வீட்டுப் பெண்.

அந்தப் புத்தகம் 1611இல் வந்தது. சமர்ப்பணங்கள் அத்தனையும் பெண்களுக்கு. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் மனைவி பேசும் இடத்தில், ஏவாள் செய்தது அறிவுக்கு ஆசைப்பட்ட பிழை, நீங்கள் செய்யப்போவது கொலை, இனி எங்களை ஆளும் யோக்கியதை உங்களுக்கு ஏது என்று ஆண்களைக் கேட்கிறார்.

கடைசியில் 'குக்கம்' என்ற கவிதை. மார்கரெட் கிளிஃபோர்ட் சீமாட்டியும் மகள் ஆனும் தங்கியிருந்த வீட்டை விட்டுப் போகிறார்கள். சீமாட்டி தனக்குப் பிடித்த ஓக் மரத்தை முத்தமிட்டு விடைபெறுகிறார். உணர்ச்சியே இல்லாத மரத்துக்கு இவ்வளவு பாக்கியமா என்று கவிஞருக்குப் பொறுக்கவில்லை. போய் மரத்தை முத்தமிட்டு, அந்த முத்தத்தைத் திருடிக்கொள்கிறார். திருப்பித் தரவும் மாட்டாராம்.

போன மாதம் இதை இரண்டாம் ஆண்டுக்கு நடத்தினேன். "மரத்துக்கிட்ட போயா மேடம் பொறாமை?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்க, வகுப்பே சிரித்தது. இது காதலா, நட்பா, வேலை தேடும் தந்திரமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். கறுத்த பெண் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது.