விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள்
"விசுவாசம் குறைந்ததால்தான் அந்த இளம் தகப்பனைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வேதம் அப்படிச் சொல்லவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொல்கிறார், லூக்கா 13-ஐ எடுத்துப் பாருங்கள். துன்பத்தில் இருந்த யோபுவிடம், உன் பாவம்தான் காரணம் என்று இதே மாதிரி பேசிய சிநேகிதர்கள்மேல் கர்த்தருக்குக் கோபம்தான் வந்தது. அடக்க ஆராதனையில் நானும் இருந்தேன், ஞாயிறுதோறும் அந்தத் தகப்பன் மடியில் உட்காரும் சின்னப் பிள்ளை, அன்றைக்கு அவருடைய பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சின்ன ஊர், இங்கே எழுதுவது நாளைக்கே கணவனை இழந்த அந்த அம்மா காதுக்குப் போய்விடும். யாக்கோபு 1:27 விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் விசாரிக்கச் சொல்கிறது. முதலில் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.