எந்த வகைத் தழும்பு என்று முதலில் கேளுங்கள்
"முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான்" என்று சிசேரியன் பற்றிய இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. இது 1916-ல் எட்வின் கிராகின் என்ற நியூயார்க் மருத்துவர் சொன்னது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டினார்கள். வலி எடுக்கும்போது அந்தத் தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து அதிகம். இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். அப்படி ஒரே ஒரு தழும்பு உள்ளவர்கள் முயன்றால் 100 பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரிவது சுமார் 200-ல் ஒருவருக்கு. என் முதல் குழந்தை தலை திரும்பாமல் இருந்ததால் சிசேரியன். இரண்டாவது முறை போனபோது டாக்டர் என் வயிற்றைப் பார்க்கும் முன் முதல் ஆபரேஷன் விவரம் இருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் கேட்டார். தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாதாம். வலி வந்த பதினோரு மணி நேரமும் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தழும்பு பிரிந்தால் பெரும்பாலும் துடிப்பில்தான் முதலில் தெரியும் என்பதால் ஆபரேஷன் தியேட்டரும் தயாராக இருந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம்! மேலே பின்னூட்டத்தில் ஒரு சகோதரி, "வலி வராவிட்டால் மாத்திரை வைத்து வரவழைக்கலாமே" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம் அக்கா, மிசோப்ரோஸ்டால் மாத்திரை தழும்பு பிரியும் ஆபத்தைக் கூட்டிவிடும். அப்புறம், உடனே ஆபரேஷன் செய்ய வசதியில்லாத இடத்தில் சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யவே கூடாது.