சானல் கரையைச் சைக்கிளுக்குக் கொடுங்கள்

போன ஞாயிறு விடிவதற்கு முன்னால் மணக்குடிப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருந்தேன். கீழே பழையாறு கடலில் சேர்கிற பொழிமுகம். வள்ளங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒன்பதரை மணிக்கு பேச்சிப்பாறையில் மரச்சீனிக்கிழங்கும் காந்தாரிமிளகுச் சம்மந்தியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடல் காற்றில் தொடங்கி ரப்பர் காட்டின் ஈர வாசனையில் முடிகிற இந்தப் பயணத்துக்கு ஒரு காலைப் பொழுது போதும். குளச்சல் கடற்கரையிலிருந்து பேச்சிப்பாறை அணை நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மொத்தக் கன்னியாகுமரி மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கடலும் மலையும் இவ்வளவு நெருங்கி நிற்கிற இன்னொரு இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் நான் நிம்மதியாக ஓட்டியது எங்கெங்கே என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எல்லாமே சானல் கரை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாசனக் கால்வாயை சானல் என்றுதான் சொல்வோம். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில். கட்டிய இன்ஜினியர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பரளியாற்றில் பெருஞ்சாணி அணை பிறகு வந்தது. இரண்டு அணைத் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு ஒரு பக்கமும் பாண்டியன் கால் இன்னொரு பக்கமுமாகப் பிரிகிறது. பாண்டியன் கால் தண்ணீர் பழையாற்றுக்கும், தோவாளை சானல், அனந்தனார் சானல் வழியாக நாஞ்சில் நாட்டு வயல்களுக்கும் போகிறது. மேற்கே சிற்றாறு பட்டணங்கால். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில், பரளியாற்றைத் தாண்டிப் போவது அந்தப் பட்டணங்கால் தண்ணீர்தான்.

அதாவது மலையிலிருந்து கடற்கரைப் பக்கத்து வயல் வரைக்கும் ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீருக்காகப் போட்ட பாதை. ஒவ்வொரு சானலின் கரையிலும், ஷட்டர் பார்க்கவும் தூர் வாரவும் ஆள் போவதற்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். சில இடத்தில் தார், சில இடத்தில் கான்கிரீட், மீதி செம்மண்.

சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. சானலைச் சரசரவென்று இறங்கவிட்டால் தண்ணீர் கரையை அரித்துவிடும். அதனால் கண்ணுக்கே தெரியாத சரிவில், குன்றுகளைச் சுற்றிச் சுற்றி, மெதுவாக இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதே கரையில் எதிர்த்திசையில் மலையைப் பார்த்து ஏறினால் ஏறுகிற மாதிரியே தெரியாது. என்னோடு ஒருமுறை வந்த அறுபத்திரண்டு வயது அண்ணன் ஒருவர், கியர் இல்லாத பழைய சைக்கிளில், இறங்கித் தள்ளாமல் சுருளகோடு வரைக்கும் வந்து சேர்ந்தார். மெயின் ரோட்டில் வந்திருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கியிருப்பார்.

மெயின் ரோட்டைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். குமரி மாவட்டக்காரர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். டாரஸ் லாரி. பாறையும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு, வரிசையாக, கேரளாவைப் பார்த்து. நம் ரோடுகள் மாட்டுவண்டிக்கும் பஸ்சுக்கும் போட்டவை. வளைவுக்கு வளைவு வீட்டு மதில் ரோட்டை ஒட்டி நிற்கும். அதில் பத்துச் சக்கர லாரி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்னாலிருந்து ஏர்ஹாரன் அடித்துக்கொண்டே என்னை உரசிப் போனது. ரோட்டோரச் சகதியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த டீக்கடை அம்மா, "மக்ளே, சைக்கிள்ல வாற ரோடா இது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அந்தக் கடைக்கு எதிரே அரசுப் பள்ளி. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த சைக்கிளை எங்கே ஓட்டுவது? நான் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவன், ஆபத்து என்றால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, முன்கூடையில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்கு அதே ரோட்டில் போகிற பிள்ளைக்கு வேறு வழி இல்லை. பெண் பிள்ளைக்கு வந்த சைக்கிள் ஓட்டாமலே துருப்பிடித்துக் கிடக்கிறது என்று சொன்ன அப்பாக்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நான் கேட்பது புதிதாக ஒரு ரோடு இல்லை. இருக்கிற சானல் கரைகளில் முக்கியமான சில நீளங்களைத் தேர்ந்தெடுத்து, லாரியும் காரும் நுழைய முடியாதபடி இரண்டு முனையிலும் கல்தூண் நடுங்கள். நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும் போகட்டும். ஞாயிறு காலை ஐந்து முதல் ஒன்பது வரை மட்டுமாவது பைக்கும் வேண்டாம். வயலுக்குப் போகிற விவசாயியின் வண்டியை எந்த நேரத்திலும் தடுக்கக் கூடாது, அறுப்புக் காலத்தில் தூணைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். துணி துவைக்கவும் குளிக்கவும் காலம் காலமாகச் சானலுக்கு வருகிறவர்களின் இடம் அது. அங்கே சைக்கிள்காரன்தான் மணி அடித்து மெதுவாகப் போக வேண்டும்.

பாசனத்துக்கும் இது நல்லது. கனமான வண்டி ஏறி ஏறித்தான் பல இடங்களில் கரை இளகிக் கிடக்கிறது. சானல் உடைந்தால் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் போகாது. கன்னிப்பூ என்கிற முதல் போக நடவு நேரத்தில் கரை உடைந்தால் என்ன பாடு என்று பூதப்பாண்டிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெளிநாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். ஸ்பெயினில், கத்தலோனியாவின் ஓலோட் மலைப் பகுதியிலிருந்து ஜிரோனா வழியாகச் சான் ஃபெலியு கடற்கரை வரை, ஒன்றன்பின் ஒன்றாக, குறுகிய அகல ரயில் பாதைகள் இரண்டு இருந்தன. 1969இல் அவற்றை மூடினார்கள். பிறகு அந்தத் தடத்தை அப்படியே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான பாதையாக மாற்றிவிட்டார்கள். ரயிலும் தண்ணீர் மாதிரித்தான், செங்குத்தாக ஏறாது. அதனால் குழந்தைகள்கூட மலையிலிருந்து கடல் வரை அதில் ஓட்டுகிறார்கள். நம்மிடம் கைவிட்ட ரயில் பாதை இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற சானல் இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் அதைவிட அழகு. பக்கத்தில் தண்ணீர் சத்தம், தென்னை நிழல், வலது பக்கம் வயலுக்கு அப்பால் தாடகை மலை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மணக்குடியிலிருந்து பேச்சிப்பாறை வரை தொடர்ச்சியாகக் கரைப்பாதை கிடையாது. நான் போனபோது பல இடங்களில் மெயின் ரோட்டைத் தொட வேண்டியிருந்தது. சில இடத்தில் கரை வீடுகளுக்குள் போய்விட்டது. நாகர்கோவிலுக்குள் அனந்தனார் சானல் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக முடியும், அவ்வளவு சாக்கடையும் பிளாஸ்டிக்கும். மழையில் செம்மண் கரை வழுக்கும், மெல்லிய டயர் போட்ட ரோட் பைக் அதற்கு ஒத்துவராது. ஆனாலும் சுசீந்திரத்திலிருந்து தேரூர் குளம், அதற்கு மேலே பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் என்று துண்டு துண்டாக இருப்பதை இணைத்தாலே நல்ல தொடக்கம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே காரை விட்டு இறங்காமலே படம் எடுத்துப் போகிறவர்கள், சைக்கிளில் வந்தால் கூழைக்கடாவை நிதானமாக நின்று பார்க்கலாம்.

இன்னொன்று. பாதை பேச்சிப்பாறையோடு நிற்கட்டும். அதற்கு மேலே கோதையாறு போகிற வழி காடு, யானை நடமாடுகிற இடம். சைக்கிள் சத்தம் போடாது என்பதே அங்கே ஆபத்து, யானைக்கும் நமக்கும் திடீரென்று நேருக்கு நேர் ஆகிவிடும். செக்போஸ்டைத் தாண்டி அனுமதி வாங்கித் தரச் சொல்லி ஒரு சைக்கிள் நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சரி, அடுத்து என்ன செய்யலாம்? திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். முதலில் ஒரே ஒரு நீளம், ஐந்தாறு கிலோமீட்டர், ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடுகிற மாதிரி. அதற்கு வரைபடம் வேண்டும். உங்கள் ஊர் வழியாகப் போகிற சானல் எது, எந்தக் கலுங்கிலிருந்து எந்தப் பாலம் வரை கரையில் சைக்கிள் போகும், எங்கே முள் மண்டிக் கிடக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஒரு போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. குலசேகரம், பொன்மனை பக்கத்துக்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள், அந்தப் பகுதியில் புத்தன் அணைக்குக் கீழே இடது கரை எனக்குச் சரியாகப் பழக்கமில்லை.