கட்டிடத்துக்கும் ஜாதகம் பார்க்கிறார்கள்

லண்டனில் வாடகைக்கு இருக்கும் வீட்டையே கழிவு விலையில், அதாவது தள்ளுபடியில், வாங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தக் கட்டிடம் எந்த வருடம் கட்டி முடிந்தது என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எத்தனை வருடம் ஒழுங்காக வாடகை கட்டினீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்தது ஒரு ஹவுசிங் அசோசியேஷன், லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் அமைப்பு. அந்த வீட்டை வாங்க விண்ணப்பித்ததற்கு வந்த பதில் ஒரே ஒரு தாள். முதல் பத்தியில், விண்ணப்பித்ததற்கு நன்றி. இரண்டாவதில், உங்கள் கட்டிடம் 1993இல் முடிக்கப்பட்டது, ஆகவே இந்த உரிமை உங்களுக்கு இல்லை. மூன்றாவதில், ஷெயார்ட் ஓனர்ஷிப் (வீட்டின் ஒரு பங்கை வாங்கி, மிச்சத்துக்கு வாடகை கட்டுவது) பற்றி யோசித்துப் பார்த்தீர்களா என்று ஒரு விளம்பரம். கையெழுத்துக்கூட ஒரு மனிதருடையது இல்லை, ஏதோ ஒரு குழுவின் பெயர். 2006இலிருந்து இந்த வீட்டில் இருக்கிறோம். ஒரு கிழமை வாடகைப் பாக்கி கிடையாது. சமையலறை அலுமாரிகளை அனுமதி கேட்டு எங்கள் காசிலேயே மாற்றினோம். அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் இருக்கப் போகிறது? விதிக்கு அது தேவையே இல்லையே.

விதி இப்படிப் போகிறது. கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, வாடகைக்கு விடும் வீட்டில் இருந்தால் ரைட் டு பை, குடியிருப்பவரே அந்த வீட்டைக் கழிவில் வாங்கும் உரிமை. தட்சர் அரசு 1980இல் கொண்டுவந்தது, இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது. ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருந்தால் பெரும்பாலும் அது கிடையாது, ரைட் டு அக்வயர் என்ற அதன் தம்பிதான். அந்தத் தம்பியும் எல்லோர் வீட்டுக்கும் வரமாட்டான். 1997 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு அரசுப் பணத்தில் கட்டிய, வாங்கிய வீடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேதிக்குப் பிறகு கவுன்சிலிடமிருந்து கைமாறிய வீடாக இருக்க வேண்டும். எங்கள் கட்டிடம் நாலு வருடம் முந்திப் பிறந்துவிட்டது. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் சொல்வார்கள், இதற்கு அதுவும் இல்லை.

தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் டெனன்சி செக்யூரா, அஷ்யூர்டா?" டெனன்சி என்றால் வாடகை ஒப்பந்தம், இவை அதன் இரண்டு வகை. இந்த நாட்டில் வாடகைக்கு இருக்கும் எத்தனை பேருக்கு இதற்குப் பதில் தெரியும்? 1989 ஜனவரி 15க்குப் பிறகு ஹவுசிங் அசோசியேஷனில் வந்தவர்களுக்குப் பொதுவாக அஷ்யூர்ட்தான், ரைட் டு பை செக்யூர்காரருக்குத்தான். வீட்டுக்குச் சாவி வாங்கும்போது, தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்ததே என்று கண்ணீர் விடுகிற நேரத்தில், யார் வந்து இதை விளக்கினார்கள்?

எங்கள் தெருவுக்கு எதிரே ஒரு கவுன்சில் கட்டிடம். அதே செங்கல், அதே அளவு அறைகள், சன்னலில் அதே புறா வலை. அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை 2013இல் தன் பிளாட்டை வாங்கினார். அந்த வருடம்தான் லண்டனில் கழிவின் உச்சவரம்பை 1,00,000 பவுணாக உயர்த்தியிருந்தார்கள். முழுதாக எடுத்தார். ஐந்து வருடத்துக்குள் விற்றால் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும், முதல் வருடம் முழுதும், பிறகு வருடத்துக்கு ஐந்திலொரு பங்கு குறையும். அவர் விற்கவே இல்லை. ஹரோ பக்கம் வேறு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிளாட்டில் இப்போது மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் கட்டுவது என் வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அண்ணை மேல் எனக்குக் கோபமில்லை. சட்டம் கொடுத்தது, எடுத்தார். ஆனால் இதையெல்லாம் 'உழைக்கும் குடும்பங்கள் சொந்த வீடு காண' என்று மேடையில் பேசும்போதுதான் வயிறு எரிகிறது.

மச்சாள் கதை இன்னும் மோசம். அவருடைய எஸ்டேட்டைக் கவுன்சில் ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்குக் கைமாற்றியது. கைமாறிய நாளில் குடியிருந்தவர்களுக்குப் பழைய உரிமை அப்படியே காப்பாற்றப்பட்டது. மச்சாள் அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தவர். ஒரே படிக்கட்டு, ஒரே லிப்ட், மாடிப்படி கழுவ ஒரே சேவைக் கட்டணம். பக்கத்துக் கதவுக்காரிக்கு 2024இல் லண்டன் உச்சவரம்பு 1,36,400 பவுண். மச்சாளுக்கு அதிகபட்சம் 16,000.

சரி, இந்த அநியாயத்தை அரசு கவனித்ததா? கவனித்தது! 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் கழிவைக் குறைப்பதாக அறிவித்தார். நவம்பர் 21 முதல் லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் எல்லோருக்கும் 16,000. மூன்று கிழமை அவகாசம். அந்த மூன்று கிழமையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். படிவத்தை அச்செடுக்கக் கடைக்கு ஓடியவர்கள், வேலைக்கு லீவு போட்டுக் கவுன்சில் வாசலில் நேரில் கொடுத்தவர்கள், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்கள். அன்றைக்கு முன் கையில் கிடைத்த படிவத்துக்குப் பழைய கழிவு, ஒரு நாள் பிந்தினால் புதியது. 20 வருடம் இருந்தவருக்கும் அதே கதிதான்.

அட்டவணையைப் பார்த்தால் இன்னும் அழகாக இருக்கும். மூன்று வருடம் இருந்தால் தனி வீட்டுக்கு 35 சதவீதம், பிளாட்டுக்கு 50 சதவீதம். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறி 70 வரை போகும். அடியில் ஒரு வரி, "அல்லது உச்சவரம்பு, எது குறைவோ அது". நாலு லட்சம் பவுண் பெறுமதியான பிளாட்டுக்கு 16,000 என்றால் நான்கு சதவீதம். மிச்சம் 3,84,000. வங்கி வருமானத்தின் நாலரை மடங்கு கடன் தரும் என்று வைத்தாலும், கையில் முதல் இல்லாதவருக்கு ஆண்டு வருமானம் 85,000க்கு மேல் வேண்டும். அவ்வளவு உழைக்கிறவர் எந்தக் கவுன்சில் வரிசையில் நின்றார்?

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். மூன்று பேர் வரை குடும்பத்தவரைச் சேர்க்கலாம் என்பது உண்மைதான். கடந்த 12 மாதம் அதே வீட்டை நிரந்தர வீடாகக் கொண்டு இருந்திருக்க வேண்டும். வேலை கிடைத்து மான்செஸ்டர் போன மகன் அந்தக் கணக்கில் வரமாட்டான். சம்பளம் இருக்கிற பிள்ளை வீட்டில் இல்லை, வீட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. கடனாளியாகத் திவால் வழக்கில் இருந்தால் இல்லை, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால் இல்லை, முதியோருக்கான வீடு என்றால் இல்லை. இவற்றில் சிலவற்றின் நியாயம் எனக்கும் புரிகிறது. முதியோர் வீட்டை விற்றால் அடுத்த முதியவர் எங்கே போவார்?

அதனால்தான் சொல்கிறேன், இந்த வீடுகளை இனி விற்பதில்லை என்று அரசு முடிவெடுத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். 1980க்குப் பிறகு இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகளை இப்படி விற்றார்கள், அதற்கு ஈடாகக் கட்டவில்லை. இன்று 13 லட்சம் குடும்பங்கள் காத்திருப்புப் பட்டியலில். ஸ்கொட்லாந்து 2016இல் இந்தத் திட்டத்தை மூடியது, வேல்ஸ் 2019இல் மூடியது. அங்கே இருப்பவர்களுக்கு விஷயம் தெளிவு. நேர்மையாகக் கதவைச் சாத்தினார்கள்.

இங்கே கதவும் சாத்தவில்லை, உள்ளே விடவும் இல்லை. 2015 தேர்தலில் ஹவுசிங் அசோசியேஷன்காரர்களுக்கும் முழு உரிமை தருவோம் என்று கன்சர்வேட்டிவ் கட்சி வாக்குக் கேட்டது. சில இடங்களில் வெள்ளோட்டம் பார்த்ததோடு சரி. 2022இல் பிரதமர் போரிஸ் ஜோன்சன் அதே வாக்குறுதியை மறுபடி எடுத்துவிட்டார். 2025 ஜூலையில் லேபர் அரசு, மூன்று வருடத்தைப் பத்தாக்கப் போகிறோம், கழிவை 5 முதல் 15 சதவீதத்துக்குள் வைக்கப் போகிறோம், புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 35 வருடம் விலக்கு என்றது. இவர்கள் ஆளுக்கொரு தேதி எழுதி விளையாடும்போது, ஒவ்வொரு தேதியையும் நம்பி ஒரு குடும்பம் சீட்டுக் காசை எடுக்காமல் சேர்த்து வைத்திருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வருடா வருடம் வாடகை ஏற்றும் கடிதத்தைப் பிசகாமல் அனுப்புகிறீர்கள். 2024 ஏப்ரலில் 7.7 சதவீதம் ஏற்றியபோது அது ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அதே தாளின் அடியில், இந்த வீட்டை நீ வாங்கலாம், அல்லது வாங்கவே முடியாது என்று ஒரு வரி போடுங்கள். 2006இலேயே அதைப் போட்டிருந்தால், வீடு மலிவாக இருந்த ஊருக்கு அப்போதே போயிருப்போம்.